ரோமாபுரி யோகராஜா வீடு சோதித்த கதை

தோர்ண்டன் ஹீத்தில் யோகராஜா என்று கேட்டால் மூன்று பேரைக் காட்டுவார்கள். ரோமாபுரி யோகராஜா என்று கேட்டால் ஒருவனைத்தான் காட்டுவார்கள். பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் சிகரெட் பக்கெற்றை எடுத்து நீட்டிக்கொண்டே, மறுகையால் இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய கொலை வழக்கைப் புரட்டிக்கொண்டிருப்பவன் அவன்தான்.

இந்தப் பட்டம் அவனுக்கு விழுந்தது ஒரு கல்லூரிக் கிளார்க்கின் புண்ணியத்தால். வெங்காயமும் மிளகாயும் நடுகிற வீட்டில் பிறந்து, எண்பத்தேழில் லண்டனுக்கு வந்து, இரண்டு வருசம் உணவகத்தில் கோப்பை கழுவி, ஏ லெவலை இரண்டாவது முயற்சியில் எட்டிப் பிடித்து, சட்டம் படிக்கப் போகிறேன் என்று மாலைநேரக் கல்லூரி ஒன்றின் வாசலில் போய் நின்றான். சட்ட வகுப்பு நிரம்பிவிட்டது. அங்கே இருந்த பெண் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பண்டைய வரலாற்றில் ஒரு இடம் இருக்கிறது, ரோமர்களின் சட்டமும் அதில் ஒரு பாடம், பரவாயில்லையா?" என்று கேட்டாள். அவன் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் பல்கலைக்கழகத்தின் படலையைக்கூடத் தொட்டதில்லை. பரவாயில்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை.

பரவாயில்லை என்று சொல்லாதவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணைதான். யோகராஜா அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். இங்கே தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. ஆனாலும் கச்சேரி அவரை விட்டுப் போகவில்லை. குளிர்பெட்டியில் யாருடைய பால் எந்தத் தட்டில் இருக்கவேண்டும் என்பதற்கும் எழுத்தில் ஒரு விதி ஒட்டியிருப்பார்.

"ரோமாக்காரர் இப்ப ஆரும் உயிரோட இருக்கினமே தம்பி?"

"இல்லை அண்ணை."

"அப்ப உன்னட்டை வழக்குக்கு ஆர் வரப்போகினம்?"

"இந்த லண்டனுக்கு முதல் மதில் கட்டினதே அவங்கள்தான் அண்ணை."

"மதில் கட்டினவன் போய்ச் சேர்ந்திட்டான். நீ வாடகை கட்டுற வழியைப் பார்."

ஆனால் சாப்பாட்டு மேசையில் யோகராஜாவின் ரோமாபுரிக்குக் கிராக்கி இருந்தது. அண்ணையின் மனைவி கனகாம்பிகை அக்கா, தொலைக்காட்சியில் நாடகம் முடிந்ததும், "இண்டைக்கு என்ன குற்றம் படிச்சனீ?" என்று கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப் போடுவார். தகப்பனைக் கொன்றவனை என்ன செய்வார்கள் என்று அவன் ஒருநாள் சொன்னான். ஒரு நாய், ஒரு சேவல், ஒரு பாம்பு, ஒரு குரங்கு இவற்றோடு அவனைத் தோல் சாக்கில் போட்டுத் தைத்து ஆற்றில் எறிந்துவிடுவார்களாம்.

அக்கா கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "அவன் தகப்பனைக் கொலை செய்தவன், சரி. குரங்கு என்ன செய்தது?"

அந்தக் கேள்விக்கு யோகராஜாவின் பேராசிரியரிடமும் பதில் இருக்கவில்லை.

அந்த மேசையில் நாலாவதாக வந்து சேர்ந்தவன் பெனடிக்ற். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். வந்து ஆறு மாதம். அதிகம் பேசமாட்டான், பேசினால் குத்தும். ரோமாபுரியில் அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து எடுத்தால்தான் செல்லும் என்று யோகராஜா சொன்னபோது, பெனடிக்ற் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப எங்கட ஊர் ஆமிக் காம்புக்காரர் படிச்ச பள்ளிக்கூடம் அதுதான்" என்றான். அக்கா அவனுடைய கோப்பையில் இன்னொரு அகப்பை பருப்பு ஊற்றினார்.

அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. தொண்ணூற்று நாலு மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை குரொய்டனில் ஹோம் ஒபிஸ் நேர்முகம். அது முடியும்வரை பொலிஸ் என்ற சொல்லுக்குக் கிட்டவும் போகாதே, ஒரு சின்னப் புகார் விழுந்தாலும் பிறகு நான் ஒன்றும் செய்ய ஏலாது என்று அவனுடைய சொலிசிற்றர் சொல்லியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முந்திய ஞாயிறு காலை பத்து மணிக்கு, மேல்மாடியிலிருந்து அக்காவின் அலறல் கேட்டது.

தாலிக்கொடியைக் காணவில்லை.

ஒன்பது பவுண் கொடி. லண்டனில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கமுடியாது, ரெயினில் அறுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போகும்போது கொடி அண்ணையின் கோட்டுக்குள் பயணம் செய்யும். கோயிலுக்குள் போனபின் அக்கா கழுத்தில் ஏறும். பூசை முடிந்ததும் கழற்றி மறுபடியும் அண்ணையிடம் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் அண்ணை அதை அலுமாரி லாச்சிக்குள் வைத்துத் திறப்பால் பூட்டுவார். கோயில் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு. அன்று இல்ஃபோர்டில் ஒரு கலியாணவீடு. பட்டுச் சேலையும் கட்டி, லாச்சியைத் திறந்தால், உள்ளே வெறும் சிவப்புக் கடதாசி.

"என்ர கையால வைச்சனான்," என்றார் அண்ணை. அவரும் கலியாணவீட்டுக்குக் கோட்டும் ரையுமாக நின்றார். "வெள்ளிக்கிழமை வந்த உடனை வைச்சனான். இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

"திறப்பு?"

"லாச்சிக்கு மேலதான் கிடந்தது. என்ர வீட்டில திறப்பை எங்கை ஒளிக்கிறது?"

வீட்டில் இருந்தது நாலு பேர். வெள்ளி பின்னேரம் யோகராஜா ஷிப்டில் நின்றான். அதற்குப் பெற்றோல் நிலையத்தின் கமராவே சாட்சி. வீட்டில் தனியே நின்றவன் பெனடிக்ற். அண்ணை விரலை மடக்கத் தொடங்கினார்.

"ஒண்டு, நாங்கள் கோயிலால வரேக்கை குசினி யன்னல் ஆவெண்டு திறந்து கிடந்தது. இந்தக் குளிருக்குள்ள ஆர் யன்னல் திறக்கிறது? ரெண்டு, வேதக்காரப் பெடியன், வீடு முழுக்க ஊதுபத்தி கொளுத்தி வைச்சிருக்கிறான். ஏன்? செய்த பாவத்துக்கோ? மூண்டு, சனிக்கிழமை விடியவே பேப்பரில சுத்தின ஒரு பார்சலோட வெளியில போனவன். வரேக்கை வெறுங்கை. நான் யன்னலால பார்த்தனான்."

மூன்றும் பெனடிக்ற்றின் முகத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்தன. அவன் கழுத்து வரை சிவந்துபோனான்.

"அந்தப் பார்சல் என்ன தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"அது வேற அக்கா."

"வேற எண்டா?"

"சொல்ல ஏலாது."

யோகராஜா பெனடிக்ற்றைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற கதையில் இவன் ஏன் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்?

"அம்மன் படத்துக்கு முன்னால கற்பூரம் கொளுத்தி, அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்," என்றார் அக்கா.

"மடு மாதா மேல சத்தியமா நான் எடுக்கேல்லை அக்கா."

"மாதாவை நானும் கும்பிடுறனான்தான். ஆனா அவ இரக்கக்காரி, பொய் சொன்னாலும் மன்னிச்சுப்போடுவா. அம்மன் விடமாட்டா."

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "பன்னிரண்டு மணி. அதுக்குள்ள கொடி லாச்சிக்குள்ள வராட்டி நான் பொலிசுக்கு அடிக்கிறன்."

பெனடிக்ற் படியில் அப்படியே இருந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தக் கடிதம் குளிர்பெட்டிக் கதவில் மூன்று கிழமையாக ஒட்டியிருந்தது.

இன்னும் ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிசமும் இருந்தன. யோகராஜா மூன்று வருசமாகப் படித்த அத்தனை கள்ளரையும் மனதுக்குள் ஓடவிட்டான். இரவில் வந்த கள்ளனைக் கொல்லலாம், பகலில் வந்தவன் ஆயுதம் தூக்கினாலொழியக் கொல்லக்கூடாது. உதவாது. குளிக்கிற இடத்தில் உடுப்பைப் பறிகொடுத்தவர்கள் ஈயத்தகட்டில் சாபம் எழுதிச் சுனைக்குள் போடுவார்கள். இந்த நாட்டிலேயே அப்படி நூறு தகடு கிண்டி எடுத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் அக்கா உடனே ஈயம் வாங்க அனுப்பிவிடுவார். அப்போதுதான் வகுப்பே சிரித்து உருண்ட அந்தப் பழைய விதி நினைவில் வந்தது.

"அண்ணை, உங்களுக்கு முறை தெரியும். கச்சேரியில இருந்தனீங்கள்."

"இருபத்திரண்டு வருசம்."

"ரோமாபுரியில களவுக்குப் பொலிஸ் இல்லை. பொருளைப் பறிகுடுத்தவர்தான் தேடவேணும், தானே வழக்கு வைக்கவேணும். சந்தேகப்பட்ட ஆளின்ர வீட்டைச் சோதிக்க அவருக்கு உரிமை இருக்கு."

"அப்பிடிச் சொல்லு. இப்ப போய் உவன்ர அறையைப் புரட்டுறன்."

"பொறுங்கோ. இப்பிடியே கோட்டோட உள்ள போய்க் கொடியை எடுத்துக்கொண்டு வந்தால், நாளைக்கு அவன் என்ன சொல்லுவான்? அண்ணைதான் பொக்கற்றுக்குள்ள கொண்டுவந்து வைச்சவர் எண்டு சொல்லுவான். அதுக்குத்தான் அவங்கள் ஒரு முறை வைச்சவங்கள். சோதிக்கிறவர் உடுப்பெல்லாம் கழட்டி, இடுப்பில ஒரு துணியோட மட்டும், ரெண்டு கையாலயும் ஒரு தட்டைப் பிடிச்சுக்கொண்டு உள்ள போகவேணும். ஒண்டையும் ஒளிச்சுக் கொண்டுபோக ஏலாது."

அண்ணை தன் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"கோவணத்தோடையோ?" என்றார் அண்ணை.

"கிட்டத்தட்ட."

"விசரே உனக்கு? மாசி மாசம். வெளியில ஐஸ்."

"அறைக்குள்ளதானே அண்ணை."

"தட்டு என்னத்துக்கு?" என்று கேட்டது அக்கா. அழுத கண்ணோடும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"அது அவங்களுக்கே சரியாத் தெரியாது அக்கா. பிறகு வந்த ஒரு சட்ட வாத்தியார் இதென்ன பகிடிச் சட்டம் எண்டு எழுதியிருக்கிறார். கை ரெண்டும் தட்டில இருந்தா ஒண்டையும் வைக்க ஏலாது எண்டு சிலபேர். கண்டெடுத்ததை வைக்க எண்டு சிலபேர். ஆனா இந்த முறையில தேடிக் கண்டுபிடிச்சா, கையும் களவுமா பிடிச்ச மாதிரி. மறுபேச்சே இல்லை."

உண்மையில் அவன் கணக்கு வேறு. அண்ணை கூச்சக்காரர். குளியலறைக் கதவுக்கு இரண்டு கொழுவி போட்டவர். இந்த முறையைச் சொன்னால் 'போடா' என்று கோபித்து மேலே போய்விடுவார்; கலியாணவீட்டுக்கு நேரமாகும்; பன்னிரண்டு மணி மெல்லத் தாண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால்கூடப் போதும் என்று நினைத்தான். கச்சேரிக்காரருக்கு முறை என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

"கோவணம் கட்டமாட்டன்," என்றார் அண்ணை, தாடையைத் தடவியபடி. "வேட்டி கட்டலாமோ?"

"கட்டலாம்," என்றான் யோகராஜா.

"அம்மனுக்கு முன்னால சேட்டைக் கழட்டிப்போட்டுத்தானே நிக்கிறனீங்கள்," என்றார் அக்கா. "அதுமாதிரி நினையுங்கோ."

"முறை எண்டா முறை." அண்ணை ரையை அவிழ்க்கத் தொடங்கினார்.

இப்போது யோகராஜாவுக்குத்தான் வியர்த்தது. விளையாட்டுக்குச் சொன்னது நடக்கப் போகிறது. பெனடிக்ற்றின் அறைக்குள் அந்தக் கொடி உண்மையாகவே இருந்தால்? கையும் களவுமாக என்று சொல்லி, சிநேகிதனின் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுத்தவனாக ஆகிவிடுவானே. அவன் படியடிக்குப் போய்க் குனிந்தான்.

"டேய், உண்மையைச் சொல். உள்ள ஏதும் கிடக்கோ?"

"கொடி இல்லை."

"கொடி இல்லையெண்டா? வேற என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லை இப்ப." பெனடிக்ற் தலையைத் தூக்கினான். "நீ படிச்ச சட்டத்தில எனக்கு ஒரு நல்லதும் இல்லையே யோகா?"

யோகராஜா நிமிர்ந்து அண்ணையின் பக்கம் திரும்பினான்.

கோட்டு கதிரைக்குப் போனது. ஸ்வெற்றர் போனது. சேட்டு போனது. அதற்குள்ளே பெனியன், அதற்குள்ளே இன்னொரு பெனியன். லண்டன் குளிரில் பதினாறு வருசம் வாழ்ந்த மனுசன் அடுக்கடுக்காகக் கழன்றுகொண்டே இருந்தார். கடைசியில், காற்சட்டையோடு, வெறும் மேலில் மயிர் சிலிர்த்து, "வேட்டியைக் கொண்டா!" என்று கத்தினார்.

"நல்ல வேட்டி எல்லாம் சூட்கேசுக்குள்ள. அதை ஆர் இப்ப இறக்கிறது?" அக்கா கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த கோயில் பையை எடுத்தார். "இந்தாங்கோ, வெள்ளிக்கிழமை கட்டினது. ஒருக்காத்தானே கட்டினது."

மற்றக் கையில் தாம்பாளம். பூசை அறையிலிருந்து எடுத்து வந்தது, விபூதி ஒட்டிக்கொண்டிருந்தது.

லண்டனில் நம் ஆண்கள் கோயிலுக்குக் காற்சட்டையோடு போய், அங்கே ஒரு மூலையில் வேட்டிக்கு மாறி, பூசை முடிந்ததும் மறுபடி காற்சட்டைக்கு மாறித்தான் ரெயின் ஏறுவார்கள். வேட்டி பைக்குள் சுருண்டு வீட்டுக்கு வரும். அண்ணை அந்தச் சுருளை வெளியே இழுத்து, ஒரு முனையைப் பிடித்து, ஓங்கி உதறினார்.

ஏதோ ஒன்று அவருடைய முழங்காலில் மோதியது.

"இதென்ன முடிச்சு?" என்றார்.

வேட்டியின் மறு முனையில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு முடிச்சு. அவர் பல்லால் கடித்து அவிழ்த்தார். அக்கா தாம்பாளத்தைக் கீழே பிடித்திருந்தது எந்த விதிக்காக என்று தெரியாது. ணங் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒன்பது பவுணும், தாலியும், இரண்டு பக்கக் காசும் விபூதிக்கு நடுவில் பாம்புபோலச் சுருண்டு கிடந்தன.

அக்கா தாம்பாளத்தைத் தரையில் வைத்தார்.

முதலில் வாய் திறந்தது அக்காதான். "நான் அண்டைக்குக் கொடியைக் கழட்டித் தரேக்கை நீங்கள் என்னத்தோட நிண்டனீங்கள்?"

அண்ணையின் கண்கள் மெல்ல விரிந்தன. "வேட்டியோட."

"கோட்டு?"

"அங்கால மூலையில கிடந்தது. பொக்கற் இல்லையெண்டு... முடிஞ்சனான். முடிஞ்சுபோட்டு... காற்சட்டை மாத்தினனான்."

"அப்ப லாச்சிக்குள்ள வைச்சது? கண்ணுக்குள்ள நிக்குது எண்டீங்கள்?"

"நிக்குது! இப்பவும் நிக்குது!" அண்ணையின் குரல் அழுகிற நிலைக்குப் போய்விட்டது. "அது போன கிழமை வைச்சதோ, அதுக்கு முதல் கிழமை வைச்சதோ..."

யோகராஜா சுவரில் சாய்ந்துகொண்டான். சோதிக்க வருகிறவனை முதலில் உரி என்று அந்த ரோமாக்காரர் எழுதி வைத்தது இப்படி ஒரு நாளுக்காகத்தானோ என்று அவனுக்குத் தோன்றியது. வகுப்பில் சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

அண்ணை வெறும் மேலோடு, கையில் வேட்டித் தலைப்போடு, படியடிக்குப் போனார். "தம்பி பெனடிக்ற். நான் உன்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டன்."

பெனடிக்ற் படியில் கொஞ்சம் தள்ளி இருந்து அவருக்கு இடம் விட்டான்.

"யோகராஜா, பொய்க் குற்றம் சாட்டினவனுக்கு அங்கை என்ன தண்டனை?"

"நெத்தியில சூடு வைக்கிறதாம் அண்ணை."

"அடுப்பை மூட்டுறன்," என்றார் அக்கா, கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே.

அப்போதுதான் பெனடிக்ற் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, நானும் ஒண்டு சொல்லவேணும். உங்கட வெள்ளிக்கிழமைச் சட்டி."

அக்காவின் கை கழுத்திலேயே நின்றது. அந்த வீட்டில் மரக்கறிக்கென்று மட்டும் ஒரு சட்டி இருந்தது. வெள்ளிக்கும் விரதத்துக்கும் மட்டும் இறங்குகிற சட்டி. சனிக்கிழமையிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குத் தவசுகாலம். வெள்ளிக்கிழமை இறைச்சி ஏலாது. அதால மீன் வாங்கினனான். மேல கிடந்த சட்டியை எடுத்துக் குழம்பு வைச்சுப்போட்டன். பேந்துதான் எந்தச் சட்டி எண்டு விளங்கினது. கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. நிண்ட நிலையில மீனும் அடிப்பிடிச்சுக் கருகிப்போச்சு."

"அதுதான் யன்னலோ?" என்றார் அண்ணை.

"ஓம்."

"ஊதுபத்தி?"

"மீன் மணம் போகேல்லை அண்ணை."

"பார்சல்?"

"அதேமாதிரிச் சட்டி வாங்குவம் எண்டு காட்டக் கொண்டுபோனன். ஒரு கடையிலயும் இல்லை. ஸ்ரேசனடிக் குப்பைவாளிக்குள்ள போட்டிட்டன். சொன்னா, செவ்வாய்க்கிழமைக்கு முதல் அறையை விட்டு எழுப்பிப்போடுவீங்கள் எண்டு பயந்தனான்."

அக்கா கொடியை விட்டுத் தலையில் கை வைத்தார். "மீனோ! என்ர அம்மன் சட்டியிலயோ!" பிறகு யோகராஜாவின் பக்கம் திரும்பினார். "இதுக்கென்ன அங்கை?"

"கையும் களவுமா பிடிபடாட்டி ரெண்டு மடங்கு அக்கா."

"அப்ப ரெண்டு சட்டி. ஒண்டு வெள்ளிக்கு. ஒண்டு உனக்கு, மீனுக்கு. வெள்ளிக்கிழமைச் சட்டியைத் திரும்பத் தொட்டியோ, சாக்கில போட்டுத் தைச்சு ஆத்தில எறிவன். குரங்கும் வேண்டாம், நீ மட்டும் போதும்."

அண்ணை இன்னும் படியடியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். "என்ர தண்டனையை ஒருத்தரும் சொல்லேல்லையே."

யோகராஜா சொன்னான், ரோமாபுரியில் நீதவானை இரண்டு பக்கமும் சேர்ந்து தெரிவுசெய்வார்கள் என்று. அண்ணை பெனடிக்ற்றைக் காட்டினார். பெனடிக்ற் அண்ணையைக் காட்டினான். கடைசியில் இருவரும் அக்காவைக் காட்டினார்கள்.

"செவ்வாய்க்கிழமை லீவு போடுங்கோ," என்றார் அக்கா. "இந்தக் கோட்டையும் ரையையும் கட்டிக்கொண்டு பெடியனோட குரொய்டனுக்குப் போங்கோ. அவன் வெளியில வருமட்டும் அங்கையே இருங்கோ. சாப்பாடு நான் கட்டித் தாறன். இப்ப சேட்டைப் போடுங்கோ, கலியாணவீட்டில தாலி கட்டி முடியப்போகுது."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை குரொய்டன் வரிசையில் நின்றார். பெனடிக்ற்றின் கடதாசிகளை நாள்படி அடுக்கி, மூலைக்கு மூலை கிளிப் குத்தி, முதல் பக்கத்தில் தன் கையால் ஒரு அட்டவணையும் எழுதியிருந்தார். அவனுடைய காயங்களைப் பற்றிய வைத்தியரின் கடிதம் இந்த ஆறு மாதமும் வேறொரு கவருக்குள் தவறிக் கிடந்ததை முதல்நாள் பின்னேரம் கண்டுபிடித்து மேலே வைத்தவரும் அவர்தான். உள்ளே நாலு மணித்தியாலம். அண்ணை வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் அசையாமல் இருந்தார். பசித்தும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

யோகராஜா அந்த மாதம் களவும் சோதனையும் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தான். அந்தப் பழைய விதி குற்றம் சாட்டுகிறவனையே முதலில் சோதித்துவிடுகிறது, நடைமுறையில் அதன் பலன் அதுதான் என்று ஒரு வரி எழுதியிருந்தான். பேராசிரியர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, 'நல்ல கருத்து, ஆதாரம் எங்கே?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதிக புள்ளி அந்தக் கட்டுரைக்குத்தான். அடுத்த வருசம் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவன் எடுத்த படம் ஊருக்குப் போனது. தங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று பின்னால் பெரிய எழுத்தில் எழுதித்தான் அனுப்பினான். என்ன பட்டம் என்று எழுதவில்லை.

ஆனால் அதற்கு முதல், ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெனடிக்ற்றுக்கு மண்ணிறக் கவரில் கடிதம் வந்தது. அவனுக்குத் திறக்கக் கை வரவில்லை. அண்ணை வாங்கி, கத்தியால் மேல்விளிம்பை நேராக வெட்டி, இரண்டு தரம் வாசித்தார்.

"நாலு வருசம் நிக்க விட்டிருக்கிறாங்கள்," என்றார். கடிதத்தைப் பெனடிக்ற்றின் கையில் திணித்தார். "அட்டவணை வேலை செய்திருக்கு."

அக்கா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தார். ஒரு கையில் மீன் சட்டியின் மூடி. மற்றக் கையால் பூசை அறைத் தாம்பாளத்தை எடுத்துப் பெனடிக்ற்றிடம் நீட்டினார்.

"கடிதத்தை இதில வை," என்றார்.